செர்ரி எந்தப் பக்கம் உருளும்?

(பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பலகாரத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாகத் தலை நிமிராமல் இருந்தவள், திடீரென்று போனைக் குப்புறப் போட்டுவிட்டு, “மாமா, இது ஏமாத்துது” என்றாள். வாங்கிப் பார்த்தேன். திரையில் ஒரு பெட்டி, பெட்டி நிறையப் பழங்கள். ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் ஒரு செர்ரி மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு செர்ரி பேரிக்காயின் அந்தப் பக்கம். இரண்டும் தொட்டிருந்தால் ஒன்றாகியிருக்கும். “நான் சரியாத்தான் போட்டேன். அது இடது பக்கம் உருண்டிருக்கணும் மாமா. வலது பக்கம் போயிடுச்சு” என்றாள்.

இருபத்திரண்டு வருடம் இயற்பியல் பாடம் நடத்தியவன் நான். ‘அது இடது பக்கம் உருண்டிருக்கணும்’ என்ற வாக்கியத்தை ஒரு மாணவர் வாயிலிருந்து தானாக வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாய்தளத்தை வரைந்து, கோணத்தைக் குறித்து, ‘இப்போது இது எங்கே போகும், சொல்லுங்கள்’ என்றால் வகுப்பு மௌனமாக இருக்கும். சூத்திரத்தைச் சொல்வார்கள், எங்கே போகும் என்று சொல்ல மாட்டார்கள். இந்தப் பெண்ணோ கோபத்தில் சொல்கிறாள். அவளிடம் ஒரு கணிப்பு இருந்தது. அது பொய்த்துப் போனது. அந்தப் புகாரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

அவள் ஆடிக்கொண்டிருந்தது ஜப்பானில் பிறந்த ஒரு விளையாட்டின் பல நகல்களில் ஒன்று. மூலத்தின் பெயர் ‘சுயிக்கா கேம்’. சுயிக்கா என்றால் ஜப்பானிய மொழியில் தர்பூசணி. 2021 தொடக்கத்தில் சீனாவில், ஒரே மாதிரிப் பழங்களை ஒட்ட வைத்துத் தர்பூசணி செய்கிற இணைய விளையாட்டு ஒன்று பரவியது. அதே கருவை எடுத்து, அறையின் மேற்கூரையில் விளக்காகவும் படம் காட்டும் புரொஜெக்டராகவும் இருக்கிற ‘பாப்இன் அலாடின்’ என்ற கருவிக்காக ஜப்பானில் இதைச் செய்தார்கள். குடும்பத்தோடு சுவரில் பார்த்து ஆடுவதற்கு. அந்த வருடக் கடைசியில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது. விலை 240 யென். ஏறக்குறைய இரண்டு வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2023 செப்டம்பரில், நேரலையில் ஆடிக் காட்டுபவர்கள் கையில் இது கிடைத்தது. ஜப்பானே பேச ஆரம்பித்தது. அடுத்த மாதமே மற்ற நாடுகளுக்கும் விற்பனைக்கு வந்துவிட்டது.

விதிகளைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். மொத்தம் 11 பழங்கள்: செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, டெக்கோபான் என்கிற ஆரஞ்சு வகை, பெர்சிமன், ஆப்பிள், பேரிக்காய், பீச், அன்னாசி, முலாம்பழம், தர்பூசணி. ஒரே பழம் இரண்டு தொட்டுக்கொண்டால் இரண்டும் மறைந்து, அடுத்த பெரிய பழம் ஒன்று அந்த இடத்தில் வரும். மேலிருந்து நம் கைக்கு வருவது முதல் ஐந்து சின்னப் பழங்கள் மட்டுமே. அதில் எது வரும் என்பது நம் கையில் இல்லை. அடுத்தது என்ன என்பது மட்டும் ஓரத்தில் தெரியும். எந்த இடத்தில் விடுவது என்பதுதான் நாம் எடுக்கும் ஒரே முடிவு. விட்ட பிறகு தொட முடியாது. பெட்டி நிரம்பி மேலே வழிந்தால் ஆட்டம் முடிந்தது.

கதை கிடையாது, எதிரி கிடையாது, லெவல் கிடையாது, நேரக் கெடு கிடையாது.

இவ்வளவு குறைவாகக் கொடுக்கிற ஒன்றைப் பற்றி மனிதர்கள் இவ்வளவு பேசுகிறார்களே, என்னதான் பேசுகிறார்கள் என்று நான் கொஞ்ச நாள் காது கொடுத்துக் கேட்டேன். பெரிய விளையாட்டுகள் என்றால் பேசுவதற்கு நிறைய இருக்கும். படம் நன்றாக இருக்கிறது, கதை இழுவை, கதாநாயகி பேசுவது செயற்கை என்றெல்லாம் சொல்லலாம். இங்கே அதற்கெல்லாம் வழியில்லை. பழங்களின் முகம் அழகாக இருக்கிறது என்று ஒரு வரி, திரும்பத் திரும்ப ஒலிக்கிற அந்த இசை தலைக்குள்ளேயே தங்கிவிட்டது என்று ஒரு வரி. அதோடு சரி. மற்ற பேச்செல்லாம் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகிறது: இப்படி ஆனதற்கு யார் காரணம்? நானா, பழமா, அதிர்ஷ்டமா?

ஒரு கூட்டம், முழுக்க அதிர்ஷ்டம் என்கிறது. எந்தப் பழம் வருகிறது என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம், நாம் செய்ய ஒன்றுமில்லை என்கிறது. இன்னொரு கூட்டம், அதிர்ஷ்டம் என்றால் ஒரே ஆள் எப்படி நாள் தவறாமல் 3000 புள்ளியைத் தாண்டுகிறார் என்று கேட்கிறது. மூன்றாவது கூட்டத்தின் கோபம் பழங்கள் துள்ளுவதில். எல்லாம் அடங்கி உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பழம் ஒன்றாகும். பக்கத்தில் இருந்த ஸ்ட்ராபெர்ரி யாரோ உதைத்த மாதிரி எகிறிப் போய் எங்கோ விழும். ‘இது எந்த ஊர் இயற்பியல்?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.

நாம் வாழும் உலகில் காலம் ஓடை மாதிரி தொடர்ந்து ஓடுகிறது. கணினிக்குள் அப்படி இல்லை. நொடிக்கு 50, 60 முறை என்று காலத்தைத் துண்டு போட்டுத்தான் கணக்கிடுகிறது. ஒவ்வொரு துண்டிலும் பழங்களைக் கொஞ்சம் நகர்த்தும். பிறகு எந்தப் பழம் எந்தப் பழத்துக்குள் நுழைந்துவிட்டது என்று பார்க்கும். நுழைந்திருந்தால் இரண்டையும் விலக்கிவிடும். இந்த வேலையைச் செய்யும் நிரலுக்குத்தான் இயற்பியல் எஞ்சின் என்று பெயர். இப்போது இரண்டு பெர்சிமன் தொடுகின்றன. இரண்டும் மறைந்து, நடுவில் ஒரு ஆப்பிள் முளைக்கிறது. ஆப்பிள் பெரிது. அது முளைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்ட்ராபெர்ரியின் விளிம்பு இருந்தால், அந்த ஒரு கணத்தில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன. மெல்ல வளர்ந்து தள்ளுகிற உண்மை ஆப்பிளாக இருந்தால் ஸ்ட்ராபெர்ரி நகர்ந்து கொடுத்திருக்கும். இங்கே வளர்ச்சி ஒரே துண்டில் நடந்துவிட்டது. எஞ்சின் அதை வெளியே தள்ளியாக வேண்டும். அந்தத் தள்ளல்தான் எகிறலாகத் தெரிகிறது.

ஆக, அந்த மூன்றாவது கூட்டம் சொன்னது சரி. இது நம் ஊர் இயற்பியல் இல்லை, நொடியை அறுபதாக வெட்டிய ஊரின் இயற்பியல். ஆனால் அதற்கும் விதி உண்டு. நன்றாக ஆடுபவர்கள் அந்த விதியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெரிய பழம் முளைக்கப் போகிற இடத்தின் மேலே சின்னப் பழத்தை விட்டுவைக்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இன்னும் தேர்ந்தவர்கள் அந்த உதையையே பயன்படுத்தி, தூரத்தில் மாட்டிய பழத்தை நகர்த்துகிறார்கள். குறையாக ஆரம்பித்தது கருவியாக முடிகிறது.

எஞ்சின் பற்றி ஒரு சின்னச் செய்தி, பாதை விலகினாலும் பரவாயில்லை. பாக்ஸ்2டி என்று ஓர் இயற்பியல் எஞ்சின் உண்டு. எரின் காட்டோ என்ற அமெரிக்க நிரலாளர் 2006இல் விளையாட்டு நிரலாளர் மாநாட்டில் ஒரு விளக்க மாதிரியாகக் கொண்டுவந்து, எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கொடுத்தது. 2009 டிசம்பரில் வெளிவந்து உலகம் முழுக்க ஓடிய ஆங்க்ரி பேர்ட்ஸ் அதன் மேல்தான் நின்றது. 2011 மாநாட்டில் ஆங்க்ரி பேர்ட்ஸ் நிறுவனத்தார் பேசி முடித்ததும் பார்வையாளர் ஒருவர் எழுந்து, எந்த எஞ்சின் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். பாக்ஸ்2டி என்றார்கள். அதன் பெயரை விளையாட்டில் போடுவீர்களா என்று கேட்டார். போடலாமே என்றார்கள். நான்தான் எரின் காட்டோ, அதைச் செய்தவன் என்றார். விழுகிற ஒவ்வொரு பழத்துக்கும், சரிகிற ஒவ்வொரு மரக்கட்டைக்கும் பின்னால் இப்படி யாரோ ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய உராய்வுக் கணக்கு இருக்கிறது. ஆடுபவர்கள் ‘கனமாக இருக்கிறது’, ‘வழுக்குகிறது’ என்று சொல்லும்போது, தெரியாமலே அந்த மனிதரின் வேலையைத்தான் மதிப்பிடுகிறார்கள்.

சரி, செர்ரிக்கு வருவோம். ஏன் இடது பக்கம் போகவில்லை?

கேரம் ஆடியவர்கள் கையைத் தூக்குங்கள். நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிரேக் அடிக்கும்போது ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரிதான் அடிப்பதாக நினைக்கிறோம். காய்கள் ஒரு தடவை கூட ஒரே மாதிரி சிதறியதில்லை. வட்டமான பொருள்கள் ஒன்றோடொன்று மோதும்போது, அடியில் இருந்த சிறு பிசகை ஒவ்வொரு மோதலும் பெருக்கிவிடுகிறது. பிரிட்டன் இயற்பியலாளர் மைக்கேல் பெரி இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பில்லியர்ட்ஸ் பந்து ஒன்பது மோதலைத் தாண்டி எங்கே போகும் என்று சொல்ல வேண்டுமானால், மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதரின் ஈர்ப்பு விசையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெட்டிக்குள்ளே இருக்கிற முப்பது பழமும் உருண்டை. செர்ரி பேரிக்காயின் உச்சியில் விழுந்தால், விரல் ஒரு மயிரிழை இந்தப் பக்கம் இருந்ததா அந்தப் பக்கம் இருந்ததா என்பதே அதன் ஊரைத் தீர்மானிக்கும். அக்கா மகள் அதை உச்சியில் விட்டிருந்தாள். ‘சரியாத்தான் போட்டேன்’ என்று அவள் சொன்னது உண்மை. மிகச் சரியாகப் போட்டதுதான் தவறு.

இதை அவளிடம் சொன்னபோது நம்பவில்லை. நடுவில் போடுவது எப்படித் தப்பாகும் என்று கேட்டாள். சரிவில் போட்டால் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும், உச்சியில் போட்டால் யாருக்கும் தெரியாது என்றேன். யோசித்தாள். பலகாரத் தட்டில் ஒரு லட்டின் மேல் இன்னொரு லட்டை வைத்துப் பார்த்தாள். அது இரண்டு தடவை இரண்டு பக்கம் விழுந்தது.

இங்கே டெட்ரிஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்தது. அதிலும் மேலிருந்து விழுகிறது, நிரம்பினால் முடிகிறது. ஆனால் எல்லாம் கட்டம். வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். ஓட்டை விழுந்தால் அது நான் போட்ட ஓட்டை. கண் முன்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். எனவே டெட்ரிஸில் குறை சொல்ல ஒன்றுதான் இருந்தது: நீளக் கட்டை வரவில்லையே. 1989இல் நின்டெண்டோவுக்கு வந்த டெட்ரிஸை ஆடியவர்கள் அதைப் பஞ்சம் என்றே சொன்னார்கள். மழை பொய்த்த மாதிரி. பின்னால் வந்த டெட்ரிஸ்களில் ஏழு வகைக் கட்டையையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியாகும்வரை ஒவ்வொன்றாக எடுக்கும் விதி வந்தது. அந்த விதிப்படி இரண்டு நீளக் கட்டைக்கு நடுவில் அதிகபட்சம் 12 கட்டைதான் வர முடியும். பஞ்சம் தீர்ந்தது. இது நல்லதா என்பதில் ஆடுபவர்களுக்குள் இன்னும் இரண்டு கட்சி உண்டு. பஞ்சத்தைத் தாங்கத் தெரிந்தவனே ஆட்டக்காரன் என்று பழைய டெட்ரிஸையே ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். எனக்கு அவர்கள் மேல் மரியாதை அதிகம்.

சுயிக்காவில் பஞ்சம் மட்டும் இல்லை, உருளலும் சேர்ந்துகொள்கிறது. கட்டத்தில் செய்த தவறு செய்த இடத்திலேயே கிடக்கும். வட்டத்தில் செய்த தவறு உருண்டு வேறு ஊருக்குப் போய் அங்கே தொல்லை கொடுக்கும். அதனால்தான் இங்கே ‘நான் செய்யவில்லை’ என்று சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

அப்படியானால் அதிர்ஷ்டக் கட்சி ஜெயித்துவிட்டதா? கொஞ்சம் கணக்குப் போடுவோம். கணக்கு ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், எளிமையாகவே செய்கிறேன். இரண்டு செர்ரி ஒரு ஸ்ட்ராபெர்ரி. இரண்டு ஸ்ட்ராபெர்ரி ஒரு திராட்சை. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் ஒரு தர்பூசணிக்குள் 1024 செர்ரி இருக்கிறது. முதல் ஐந்து பழமும் சம வாய்ப்பில் விழுவதாக வைத்துக்கொண்டால், விழுகிற ஒரு பழத்தின் சராசரி மதிப்பு 6.2 செர்ரி. ஆக, ஒரு தர்பூசணிக்குச் சுமார் 165 பழம். ஆட்டத்தின் தொடக்கத்தில் மோசமான பத்துப் பழம் வந்தாலும், 165இல் அந்தப் பத்து கரைந்துவிடும். நீண்ட ஓட்டத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே படிதான் அளக்கப்படுகிறது. வித்தியாசம், அளந்ததை எப்படி அடுக்கினோம் என்பதில்.

அடுக்குவது என்றதும் தேர்ந்தவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரே யோசனை: பெரியதை ஒரு மூலையில் வை, அதற்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னது, அதற்குப் பக்கத்தில் இன்னும் சின்னது. ஏன் தெரியுமா? முலாம்பழத்திலிருந்து செர்ரி வரை பத்துப் பழமும், வகைக்கு ஒன்றாக, வரிசையாக ஒட்டி நிற்பதாக நினைத்துப் பாருங்கள். மொத்தம் 1023 செர்ரியின் மதிப்பு. இப்போது ஒரே ஒரு செர்ரியை விடுகிறீர்கள். செர்ரியும் செர்ரியும் சேர்ந்து ஸ்ட்ராபெர்ரி. அது பக்கத்து ஸ்ட்ராபெர்ரியைத் தொட்டுத் திராட்சை. திராட்சை டெக்கோபானாகி, டெக்கோபான் பெர்சிமனாகி, பட்டாசுச் சரம் மாதிரி கடைசியில் தர்பூசணி. முதல் இணைப்புக்கு 1 புள்ளி, அடுத்து 3, 6, 10 என்று ஏறி, தர்பூசணி பிறக்கையில் 55. மொத்தம் 220. இரண்டு தர்பூசணி தொட்டுவிட்டால் இரண்டும் மறைந்து 66 புள்ளி தருகின்றன. பாதிப் பெட்டி ஒரே நொடியில் காலியாகிவிடும். ஆடுபவர்கள் பலருக்கும் அதுதான் வாழ்நாள் ஆசை.

மைல் கணக்குக் காட்டும் மீட்டரில் எல்லா இலக்கமும் 9 ஆகி, ஒரே அசைவில் எல்லாம் பூஜ்யமாகப் புரள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்கு, இரண்டின் அடிமானத்தில். கட்டத்துக்குள் இதே இரட்டிப்பை வைத்து 2014இல் இத்தாலி இளைஞர் காப்ரியேலே சிருல்லி ‘2048’ செய்தார். அங்கே எண்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். இங்கே எண்கள் உருளும். கணக்குச் சரியாக இருந்தும், நடுவில் ஒரு பேரிக்காய் அரை விரற்கடை விலகியதால் சரம் ஆறாவது வெடியில் நின்றுவிடும். பேச்செல்லாம் பிறப்பது அந்த அரை விரற்கடையில்தான்.

எதிர்த் திசையில் ஒரு குறையும் உண்டு. அதிர்ஷ்டமே வேண்டாம், எல்லாச் சுதந்திரமும் ஆடுபவருக்கே என்று கொடுத்தால்? பின்லாந்துக்காரர் பெட்ரி புர்ஹோ மாணவராக இருந்தபோது மாதம் ஒரு விளையாட்டு செய்து வெளியிடுவார். 2007இல் அப்படி ஒரு வாரத்துக்குள் செய்ததுதான் கிரேயான் பிசிக்ஸ். பழைய காகிதம் மாதிரி ஒரு திரை, அதில் ஒரு சிவப்புப் பந்து, ஒரு நட்சத்திரம். கிரேயானால் எதை வரைந்தாலும் அது எடையுள்ள பொருளாகி விழும். பந்தை நட்சத்திரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். 2008இல் சுயேச்சை விளையாட்டு விழாவின் பெரும் பரிசை அதன் விரிவான வடிவம் வாங்கியது. 2009 ஜனவரியில் வெளிவந்தது. ஆடியவர்கள் மகிழ்ந்தார்கள், கூடவே சலித்தார்கள். ஒரே தந்திரம் பாதி லெவல்களை முடித்துவிடுகிறது, பிறகு யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். புர்ஹோ அந்தத் தந்திரத்தைத் தடை செய்யவில்லை. ஒரு லெவலை வேறு வேறு விதங்களில் முடிப்பதற்குத் தனித்தனி அங்கீகாரம் வைத்தார். அதில் ஒன்று, பிரமாதமான விடை. பிரமாதமா இல்லையா என்பதைக் கணினி சொல்லாது. ஆடியவரே தன் விடையைப் பார்த்து, மனசாட்சிப்படி சொல்ல வேண்டும். ஆடுபவரின் கருத்தை விளையாட்டுக்கு வெளியே விடாமல், உள்ளேயே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்த இந்த ஏற்பாட்டை நினைத்து நினைத்து நான் மகிழ்கிறேன். ஒரு தேர்வுத் தாளில் இப்படி ஒரு கேள்வி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

கடைசியாக ஒரு குறை. பெற்றோர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. விட முடியவில்லை என்று ஆடுபவர்களே சொல்கிறார்கள். இந்தக் குறையை நான் மற்றவற்றைப் போல விளக்கிக் கடந்துவிட மாட்டேன். முடிவில்லாத ஆட்டம் இது. தோற்ற நொடியில் அடுத்த பெட்டி காலியாகக் காத்திருக்கும். கடைசித் தோல்வி எப்போதும் அரை விரற்கடையில் நிகழ்ந்ததாகவே தோன்றும். அதனால் இன்னொரு தடவை என்ற ஆசை அறிவுக்கு உகந்ததாகவே தெரியும். அங்கேதான் ஆபத்து. அக்கா வீட்டில் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். ஆட்டம் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கும் முன், இந்த ஆட்டம் ஏன் போயிற்று என்று ஒரு வரி சொல்ல வேண்டும். ‘ஏமாத்துது’ என்று சொன்னால் செல்லாது. எந்தப் பழம், எந்த இடம் என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் சிணுங்கினாள். இரண்டாம் நாள், “திராட்சையை அவசரப்பட்டு விட்டுட்டேன்” என்றாள். மூன்றாம் நாள் நான் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. “மாமா, ஒரு நிமிஷம் இருங்க. அன்னாசி முளைக்கும்போது பீச்சை வலது பக்கம் தள்ளும். அந்த வேகத்துல செர்ரி வெளிய வரும்னு நினைக்கிறேன்.” திரும்பிப் போய் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். விரல் திரைக்கு மேலே நின்றது. உச்சியிலிருந்து ஒரு நெல் தள்ளி, இடது சரிவில் நிறுத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டாள்.